மூன்றாவது ரவுண்டுக்குப் பத்து

உங்கள் அலுவலக நாற்காலி நன்றாக இருக்கிறது. சண்டைக் கூண்டோரம் நடுவர்களான எங்களுக்குப் போடுவது முதுகில்லாத உயர ஸ்டூல். நான்கு மணி நேரம் அதில் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு நம்முடையதாகவே இருக்காது. சாய்மானம் வைத்துக் கொடுங்கள் என்று உங்கள் சங்கத்திடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசாரணை என்றதும் மெத்தை நாற்காலி கிடைத்திருக்கிறது. பரவாயில்லை.

நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அறிக்கையைப் படித்தேன். தயவோடுதான் எழுதியிருக்கிறீர்கள். வயது காரணமாக எனக்குப் பார்வை மங்கிவிட்டது, கூண்டின் கம்பி வேறு மறைத்துவிட்டது, அதனால் இரண்டாவது, மூன்றாவது ரவுண்டுகளைத் தவறாகக் கணித்துவிட்டேன், வருந்துகிறேன். கீழே கையெழுத்துப் போட்டால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும். நான் ஓய்வு பெற்றவனாக வீட்டுக்குப் போகலாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கும் இன்னொரு அலைச்சல் இருக்காது. எல்லாம் நியாயம்தான். ஆனால் இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன், அவசரப்படாமல் கேளுங்கள்.

முதலில் என் கண். பகலில் நான் சட்டைக் கம்பெனியில் தரம் பார்ப்பவன். வெளிச்ச மேசையில் சட்டையை விரித்தால், எங்காவது ஒரு தையல் தாவியிருந்தால், விரல் போவதற்கு முன்னால் கண் அங்கே போய் நிற்கும். என் மேசையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கண்ணோடுதான் சனிக்கிழமைகளில் உங்கள் கூண்டோரம் வந்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் எப்படி மார்க் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் கூட்டம் எந்தப் பக்கம் கத்துகிறதோ அந்தப் பக்கம் போடுவார். இன்னொருவர் கண்ணெதிரே நடப்பதை விட்டுவிட்டு, மேலே தொங்கும் பெரிய திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், வாயில் ஈ போவதுகூடத் தெரியாமல். அவர்களோடு ஒரே வரிசையில் என்னை வைத்தாலே எனக்குக் குமட்டும்.

உங்களில் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் சண்டையே பார்த்ததில்லை என்றார். அவருக்காக ஒரு வார்த்தை. குத்து, உதை, மல்யுத்தம் மூன்றும் கலந்த சண்டை இது. ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் மூன்று நடுவர்களும் தனித்தனிச் சீட்டில் மார்க் எழுதிக் கொடுப்போம். ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது, செமத்தியாக அடி வாங்கினால் எட்டு. மூவரில் இருவர் யார் பக்கமோ அவன் ஜெயித்தான். அவ்வளவுதான் வித்தை.

இனி, நீங்கள் எல்லோரும் பிசின் என்று கூப்பிட்டவனைப் பற்றி. எதிராளியைக் கம்பியோடு வைத்து அழுத்தி, விடாமல் ஒட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டுவான் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர். என் மகள் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறாள். கழுத்து வலி என்று அங்கே போனான். அங்கேயும் ஒட்டிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவளுடைய அம்மா போன பிறகு அந்த வீட்டை நான் எப்படி வைத்திருந்தேன் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அவன் முந்தின வாரம்தான் சண்டை போட்டிருந்தான். கீழுதடு பிளந்திருந்தது. காது இரண்டும் பிசைந்து எறிந்த மாவு உருண்டை மாதிரி இருந்தன. கழுத்தில் படர்தாமரை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பாய்ல உருள்றவங்க எல்லாருக்கும் வர்றதுதான் மாமா, மருந்து போட்டுட்டிருக்கேன்" என்றான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மாமா என்று கூப்பிடச் சொல்லவும் இல்லை. பாக்கெட்டில் குத்திக்கொண்டிருந்தது போல, பல் கவசம் போடும் டப்பாவை எடுத்து நாங்கள் சாப்பிடும் மேசைமேல் வைத்தான். தண்ணீர் குடித்தான். டம்ளர் விளிம்பில் ரத்தம் ஒட்டியிருந்தது. என் மகள், குழந்தையிலிருந்து நான் கை கழுவிவிட்டு வளர்த்த பெண், அவன் உதட்டைத் தன் கட்டை விரலால் துடைத்துவிட்டாள். அவர்கள் போனதும் டம்ளரைக் குப்பையில் போட்டுவிட்டு மேசையை பினாயில் விட்டுத் துடைத்தேன். வாடை போகவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

ரத்தம் பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவனுக்கு என்ன அருவருப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள். "வாராவாரம் போய் உக்காந்து பாக்கறீங்களேப்பா. அங்க வராத குமட்டல் இங்க மட்டும் எங்கேர்ந்து வருது?"

சாக்கடை தெருவில் ஓடினால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம். அதற்காக அதை வீட்டுக்குள் விட முடியுமா? கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. பதிவு அலுவலகத்தில் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். நான் அவளைத் தலைமுழுகிவிட்டேன்.

சண்டை போடுபவன் சொந்தக்காரன் என்றால் நடுவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதியை மீறினீர்களே என்று தலைவர் காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார். மகளே இல்லை என்று ஆனவனுக்கு மருமகன் எங்கிருந்து வருவான்? என் மனச்சாட்சிப்படி நான் எந்த விதியையும் மீறவில்லை.

ஒன்றரை வருடம் பேச்சு வார்த்தை இல்லை. அப்புறம் ஒரு நாள் அவளே போன் செய்தாள். பிசின் ஒரு பழைய சண்டைக்காரரோடு மோதப் போகிறான் என்று அறிவிப்பு வந்திருந்தது. நடுவர்களில் நானும் ஒருவன்.

"அப்பா, போனை வச்சிடாதீங்க, ஒரே நிமிஷம்" என்றாள். "அவருக்கு அடிக்கடி தலைவலி வருது. வெளிச்சத்தைப் பார்த்தா வாந்தி. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்கிறார். இந்தச் சண்டையில தோத்தா இதோட விட்டுடறேன்னு என் மேல சத்தியம் பண்ணியிருக்கார். எங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்பா. நீங்க எப்பவும் போடற மாதிரி நியாயமா மார்க் போடுங்க, அது போதும். அவர் எப்படியும் தோத்துடுவார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

நான் பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். தோற்றால் அவன் சண்டையை விடுவான். மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பான். தலைவலி குணமாகும். ஒரு குழந்தை பிறக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மகள் ஒரு நாள் வாசலில் வந்து நிற்பாள், எனக்கும் வயதாகிவிட்டது, கதவைத் திறப்பேன். பின்னாலேயே அவனும் உள்ளே வருவான், அந்தக் காதுகளோடு. முப்பது வருடம், நாற்பது வருடம் என் மேசையில் உட்கார்ந்து என் டம்ளரில் தண்ணீர் குடிப்பான். மாமா என்பான்.

ஜெயித்தால் வேறு கதை. ஜெயித்தால் அவனை அடுத்து சாம்பியனோடு மோத விடுவார்கள். சுத்தியல் என்று நீங்கள் கொண்டாடும் அந்த ஆளின் முந்தின இரண்டு சண்டைகளுக்கும் நான்தான் மார்க் போட்டேன். அவனிடம் அடி வாங்கிய ஒருவனுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொருவனுக்கு இன்றுவரை சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள வராது. தலைவலியும் வாந்தியும் உள்ள ஒருவன் அந்தக் கைகளுக்கு எதிரே போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல டாக்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

அவனை ஜெயிக்க வைத்தேன். பழைய சண்டைக்காரர் அவனை மூன்று ரவுண்டும் வெளுத்து வாங்கினார். நான் இரண்டைப் பிசினுக்கு எழுதினேன். என் ஒருவன் சீட்டு மட்டும் போதாது, ஆனால் திரையை அண்ணாந்து பார்ப்பவர் அன்றைக்கும் வழக்கம்போலத் தப்பாகப் பார்த்துத் தப்பாகப் போட்டுவைத்தார், இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் ஒரே எண்ணைத்தான் எழுதினோம். அதற்காக இருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவருக்கு யார் ஜெயித்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஒருவன் முதல் வரிசையிலிருந்து எட்டி என் தோளில் துப்பினான். காசு வாங்கின நாய் என்றார்கள். நீங்களே என் வங்கிக் கணக்கைத் துருவிப் பார்த்து, ஒரு பைசா கிடைக்காமல் திரும்பினீர்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் ஒரு பத்திரிகை குருட்டு நடுவர் என்று தலைப்புப் போட்டது. என் கம்பெனியில் அதை யாரோ வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் உங்கள் சங்கம் புது வழக்கத்தைக் கொண்டுவந்தது. ஒளிவு மறைவு வேண்டாம், ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் எந்த நடுவர் என்ன போட்டார் என்று இரண்டு மூலைகளிலும் நிற்கும் வாத்தியார்களுக்குக் காட்டிவிடலாம் என்றீர்கள். கூட்டத்தில் அதை எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, அதை வைத்து என்ன செய்யலாம் என்பது புரிந்தது. அதுவரை எங்கள் சீட்டு சண்டை முடிந்த பிறகு பேசும். இனி நடுவிலேயே பேசும்.

சாம்பியனோடு நடந்தது பட்டத்துக்கான சண்டை, ஐந்து ரவுண்டு. என் மகள் பிசினின் மூலைக்குப் பின்னால், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

முதல் ரவுண்டு மயிரிழை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒரு நடுவர் பிசினுக்குக் கொடுத்தும் இருந்தார். ஆனால் கடைசி அரை நிமிடத்தில் சுத்தியல் உடம்பில் இறக்கிய இரண்டு குத்துகளை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்த ரவுண்டைச் சரியாகத்தான் போட்டேன், சுத்தியலுக்குப் பத்து.

இரண்டாவதில் பிசின் கண்டபடி அடி வாங்கினான். மூன்றாவதைப் பற்றி விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. பிடிக்கப் போன கையெல்லாம் காற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு தடவை கம்பியில் வந்து மோதினான், என் முகத்துக்கு இவ்வளவு அருகில், எச்சிலும் ரத்தமும் கம்பி வழியே என் சீட்டின்மேல் தெறித்தன. கைக்குட்டையால் துடைத்தேன். எட்டுக்கும் கீழே ஒரு எண் இருந்தால் அதைப் போட வேண்டிய ரவுண்டு. துடைத்த இடத்திலேயே பிசினுக்குப் பத்து என்று எழுதினேன். இரண்டாவதற்கும் அப்படியே எழுதியிருந்தேன்.

மூலையில் நடந்ததைச் சொல்கிறேன். பிசினை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவனுடைய வாத்தியார், அவனைப் பத்து வயதிலிருந்து பயிற்றுவித்தவர், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டார். அதைக் கூண்டுக்குள் எறிந்தால் சண்டை முடிந்தது. கூண்டோர டாக்டரும் கிட்டே வந்துவிட்டார். என் மகள் எழுந்து நின்று, "போதும் வாத்தியாரே, எறிஞ்சிடுங்க, போதும்" என்று கத்தினாள். இத்தனை சத்தத்திலும் எனக்கு அது தனியாகக் கேட்டது.

அப்போதுதான் மார்க் அட்டை வந்தது. ஒரு நடுவர் மூன்று ரவுண்டையும் சுத்தியலுக்குக் கொடுத்திருந்தார். அடுத்தவர் ஒன்றைப் பிசினுக்குக் கொடுத்து, மற்ற இரண்டிலும் எட்டுப் போடாமல் ஒன்பதோடு விட்டிருந்தார். நான் இரண்டைக் கொடுத்திருந்தேன். வாத்தியார் விரல் விட்டு எண்ணினார். மிச்சம் இரண்டையும் எடுத்தால் இரண்டு நடுவர்கள் அவன் பக்கம் வந்துவிடுவார்கள், பட்டம் அவனுக்கு. நான் உள்ளதை உள்ளபடி போட்டிருந்தால் அந்தக் கணக்கு வராது, துண்டு பறந்திருக்கும். வாத்தியார் அட்டையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னார்.

பிசின் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். ஒரு கண் மூடிவிட்டது, மற்றதால் பார்த்தான். கையுறையை நெஞ்சில் வைத்து என்னைப் பார்த்துத் தலை குனிந்தான். வாயிலிருந்து சிவப்பாக ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னான். அவனாகவே எழுந்து நின்றான். வாத்தியார் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த நூலைப் பார்க்கப் பிடிக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்காவது ரவுண்டு ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பா அப்பா என்று அழுதபோதுதான், அங்கே நின்ற நிருபர்களுக்கும் உங்களுக்கும் உறவு தெரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவர்கள் முழுதாக எழுதவில்லை. நான் சொல்கிறேன்.

"எல்லாரும் அவரைக் கழிச்சுக் கட்டினப்போ நீங்க ஒருத்தர்தாம்பா அவருக்குக் குடுத்தீங்க. நாலாவது ரவுண்டுக்கு எழுந்தப்போ என்கிட்ட திரும்பிச் சொன்னார்ப்பா, 'உங்க அப்பா என்னை ஏத்துக்கிட்டாரு, இனிமே நான் தோக்க மாட்டேன்'னு. அதுதான் கடைசியா பேசினது."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். அவளுடைய அறையை அவள் போன நாளிலிருந்து அப்படியே துடைத்து வைத்திருந்தேன். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பேச்சு குறைவு, சாப்பாடும் குறைவு. தேறிவிடுவாள். வீடு சுத்தமாக இருக்கிறது.

மருமகன்மேல் இருந்த பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போட்டீர்களா என்று தலைவர் கேட்டார். அந்தக் கேள்வியே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. அவன்மேல் எனக்குப் பாசமா? பாசம் இல்லையென்றால் பார்வைக் கோளாறு என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் கண் டாக்டர் எனக்குப் பரிசோதனை செய்தாரே, கடைசி வரியில் இருந்த பொடி எழுத்து வரைக்கும் படித்துக் காட்டினேன். அதை ஏன் அறிக்கையில் சேர்க்கவில்லை?

ஆகையால் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று முழுதாக முடிந்த மூன்று ரவுண்டிலும் பிசின் தோற்றான். அங்கே இருந்த யாரையும்விட எனக்கு அது தெளிவாகத் தெரியும். இன்னும் ஒரு முறை எழுந்து நின்றால் அவன் பிழைக்க மாட்டான் என்பதும் தெரியும். அவனை எழுப்ப என்ன எழுத வேண்டுமோ அதை எழுதினேன். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். கோளாறு என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது. என் மகளைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள். காலையிலிருந்து, எங்கப்பா தெரிஞ்சு தப்பு பண்ண மாட்டார் என்று உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு உதவி. அப்பாவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்பதை அவளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு சொல்லலாம்.